மான் கால் பட்டியல்

என் தங்கை நடந்து பார்த்தவர்கள் குறைவு. தாண்டித்தான் பார்த்திருப்பார்கள். எங்கள் தையல் கடையில் வாசலுக்கும் உள்ளறைக்கும் நடுவே எப்போதும் துணிக்கட்டுகள் கிடக்கும். நாங்கள் சுற்றிக்கொண்டு போவோம். அவளுக்குச் சுற்றுவது என்றால் ஆகாது. ஒருநாள் சித்தி தரையில் குனிந்து ஊசி தேடிக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டு வந்தவள் துணிக்கட்டோடு சேர்த்துச் சித்தியையும் தாண்டிவிட்டாள்.

"அடியே, என்னையே தாண்டிட்டியா? ஒழுங்கா திரும்பித் தாண்டு. இல்லன்னா நான் வளரமாட்டேன்" என்றாள் சித்தி. சித்திக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

தங்கை திரும்பி வந்து இன்னொரு தடவை தாண்டினாள். அதில்தான் இஸ்திரிப் பெட்டி விழுந்தது.

அம்மா வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். நாங்கள் இருவரும் சித்தியோடு கடைக்குப் பின்னாலிருந்த இரண்டு அறைகளில் இருந்தோம். நான் ஒன்பதாவதோடு நின்றவள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒருநாள் அடைத்தது மாலைவரை திறக்கவில்லை. மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை, அப்படியே கடையில் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா போட உட்கார்ந்துவிட்டேன். காஜா போட வாய் தேவையில்லை.

தங்கைக்கு வாய் உண்டு, படிப்புதான் இல்லை. கணக்கில் அவள் வாங்கும் மதிப்பெண்ணை விரல்விட்டு எண்ணலாம், ஒரு கை போதும். பள்ளிக்கு அவள் போனதே மைதானத்தின் மூலையில் இருந்த மணல் குழிக்காக. பள்ளிகளுக்கிடையே நடக்கும் நீளம் தாண்டும் போட்டிக்கு இந்த வருஷம் நான்கு பெண்களை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் படுத்திருக்கும்போதுகூடக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் படுத்தவள் நான்.

அந்த நால்வரை எடுக்க வேண்டியவர் பள்ளிக்குப் புதிதாக வந்த கோச்.

அவர் முதலில் எங்கள் கடைக்கு வந்தது ட்ராக் பேன்ட் தைக்கக் கொடுப்பதற்காக. முப்பத்திரண்டு பெண்கள், முப்பத்திரண்டு பேன்ட், முழங்காலில் தனியாக ஒரு கெட்டித் துணி வைத்துத் தைக்க வேண்டும். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சித்தி வாய்தவறி, "எதுக்கு சார் முட்டிக்குத் தனித் துணி?" என்று கேட்டுவிட்டாள்.

"முட்டிதாங்க எல்லாமே!" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஒரு பொண்ணு நல்லா தாண்டுவாளா மாட்டாளான்னு தாண்ட வச்சுப் பாக்க வேண்டியதே இல்ல. காலை அளந்தா போதும். தொடை குட்டையா இருக்கணும், முட்டிக்குக் கீழ நீளமா இருக்கணும். மானைப் பாருங்க, குதிரையைப் பாருங்க. கீழ்க்காலை மேல்காலால வகுத்தா ஒரு எண் வரும். அந்த எண் ஜாஸ்தின்னா அவ பறப்பா."

"ஒட்டகத்துக்கும் நீளக் கால்தானே சார். அது ஏன் குதிக்கல?"

கோச் ஒரு நொடி யோசித்தார். "அதுக்கு முட்டி சரியில்ல."

பிறகு எங்களிடமே நூலும், மெஷினில் நூல் சுற்றும் பாபினும் வாங்கி, நூலின் நுனியில் பாபினைக் கட்டித் தொங்கவிட்டார். இடுப்பெலும்பு, முழங்கால் சில்லு, கணுக்கால் மூன்றும் அந்த நூலில் ஒரே கோட்டில் வரவேண்டுமாம். "கதவுக் கீல் மாதிரி. கீல் கோணலா இருந்தா கதவு தரையைத் தேய்க்கும். முட்டி கோணலா இருந்தா காலோட சக்தி பக்கவாட்டுல ஒழுகிப் போயிடும்."

அந்த நேரம் பார்த்துத் தங்கை துணிக்கட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். அவர் அவளைப் பிடித்து நிறுத்திப் பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார். நின்றாள். அவளுக்கு முழங்கால்கள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், கணுக்கால்கள் ஒட்டாது. சிறுவயதிலிருந்தே அப்படித்தான்.

"இதோ பாருங்க, இதைத்தான் சொன்னேன்!" என்றார் கோச், தேடிய பொருள் கிடைத்த மாதிரி. "இந்தக் கால்ல எவ்வளவு வேகமா ஓடி வந்தாலும் பாதி சக்தி இங்கேயே இடிச்சு நின்னுடும்."

"சார், நான் இப்ப அந்தக் கட்டைத் தாண்டித்தான் சார் வந்தேன்" என்றாள் தங்கை.

"தாண்டலாம்மா. அது பழக்கம். நான் சொல்றது அமைப்பு."

அவர் எழுந்து பாதங்களைச் சேர்த்து நின்று சித்தியிடம் விடைபெற்றார். அவருடைய முழங்கால்களுக்கு நடுவில் ஒரு பூனை நிம்மதியாகப் போய்வரலாம். சித்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் படியிறங்கியதும், "நூலைத் தன் காலுக்கு என்னைக்காவது பிடிச்சிருப்பாரா?" என்று என்னைக் கேட்டாள்.

அளவு எடுக்கும் வேலை எனக்கு வந்தது. முழங்காலில் தனித் துணி வருவதால் ஒவ்வொரு பெண்ணுக்கும் கால் அளவு இரண்டு: இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து கணுக்கால். நான் டேப்பைப் பிடித்து அளவை வாய்விட்டுக்கூடச் சொல்லமாட்டேன், நேரே நோட்டில் எழுதிவிடுவேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். நோட்டில் உடம்பின் அளவை எழுதமாட்டோம், துணியை எவ்வளவு வெட்ட வேண்டுமோ அதைத்தான் எழுதுவோம். வளரும் பிள்ளைகளுக்கு உள்ளே மடித்து வைக்கும் துணியும் அதிலேயே சேர்ந்துவிடும். கத்தரியைக் கையில் எடுத்தபிறகு கூட்டல் போடச் சித்திக்குப் பிடிக்காது. அந்த மடிப்புத் துணி முழுவதும் முழங்காலுக்குக் கீழேதான் சேரும். பின்னால் பிரித்து இறக்கப்போவது அடியோரத்தைத்தானே. எத்தனை இஞ்ச் மடிப்பு என்பதைக் கால் தீர்மானிப்பதில்லை. கூட வரும் அம்மா தீர்மானிப்பாள்.

முதலில் வந்தது பல் டாக்டரின் மனைவி. காரில் வந்து இறங்கினாள். மகள் குட்டையாக, உருண்டையாக, கையில் ஒரு கதைப் புத்தகத்தோடு நின்றாள். நான் டேப்பைச் சுற்றும்போதுகூட அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

"அஞ்சு இஞ்ச் உள்ள மடிச்சு விடும்மா" என்றாள் அம்மா, என் காதருகே குனிந்து. "வளர்ற பொண்ணு. வெளில தெரியாம மடி. நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க?"

"அஞ்சா?" என்றாள் சித்தி மெஷினிலிருந்து. "அம்மா, உள்ள இன்னொரு பேன்ட் போட்ட மாதிரி இருக்கும்."

"குளிருக்கு நல்லதுதானே."

அடுத்து இரட்டைப் பிறவிகள். தலைமுடி முதல் கால்விரல் வரை அச்சில் வார்த்த மாதிரி இருவரும். "ரெண்டு பேருக்கும் நாலு நாலு இஞ்ச் விடுங்க. வீட்ல மூணாவதா ஒருத்தி இருக்கா, அவளுக்கும் இதே ஓடிடும்" என்றாள் அவர்கள் அம்மா.

பிறகு ஏணி என்று எல்லோரும் கூப்பிடும் பெண். உண்மையிலேயே நெட்டைக் கால்காரி. அவளுக்கு மூன்று இஞ்ச். "இன்னும் வளந்தா நான் எங்க ஆன்ட்டி போவேன்?" என்று அவளே சிரித்தாள். மற்றவர்களுக்கெல்லாம் ஒன்று, ஒன்றரை. சலவைக் கடைக்காரர் மகளுக்கு மடிப்பே வேண்டாம் என்றுவிட்டார் அவள் அப்பா. வருஷத்துக்கு ஒன்று புதிதாக வாங்கித்தர முடியும் என்று காட்டுவதற்காக.

தங்கையின் அளவைக் கடைசியில் எழுதினேன். துணி தீர்ந்துபோய், மிஞ்சிய துண்டுகளைப் பார்த்துச் சித்தி, "கடைப் பிள்ளைக்குக் கடைசித் துணிதான். ஒரு இஞ்ச் ஏத்தியே வெட்டலாம், காலுறை போட்டா சரியாப் போகும்" என்றாள். தங்கையின் கீழ்க்கால் பதினாலு இஞ்ச். நோட்டில் பதின்மூன்று என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துக் கோச் வந்து, "அந்த அளவு நோட்டை ஒரு நாள் குடுங்க" என்றார். எத்தனை பேன்ட் என்று சரிபார்க்கப்போகிறார் என்று நினைத்துச் சித்தி எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் மாலை ஒரு பென்சில் செருகிய நோட்டு திரும்பி வந்தது.

அதற்கு மறுநாள் தங்கை பள்ளியிலிருந்து வந்தாள். துணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

சித்தி மெஷினை நிறுத்தினாள். "என்னடி, உடம்பு சரியில்லையா?"

"பட்டியல் ஒட்டிட்டாங்க." பையைக் கீழே போட்டாள். "முப்பத்திரண்டு பேருக்கும் நம்பர் போட்டிருக்காரு. நான் முப்பத்திரண்டு."

"முதல் நாலு யாரு?"

"பல் டாக்டர் பொண்ணு. அப்புறம் அந்த ரெட்டைங்க. அப்புறம் ஏணி."

"எந்தப் பல் டாக்டர் பொண்ணு? அந்தப் புஸ்தகமா? அவ படி ஏறவே கைப்பிடி தேடுவாளேடி!"

"அவளுக்கு மான் காலாம் சித்தி. எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு, 'இந்த மாதிரி ஒரு அளவை என் வாழ்க்கையில பாத்ததில்ல'ன்னு சொன்னாரு. அவ அழுதுட்டா. மணல்ல பூச்சி இருக்கும்னு பயமாம்."

சொல்லிவிட்டுத் தங்கை நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காஜா மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த சட்டையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "எப்படிக்கா போடறது? சொல்லிக் குடு. நாளையிலேர்ந்து நானும் வந்துடறேன்."

"எங்க?"

"கடைக்குத்தான். பள்ளிக்கூடத்துல எனக்கு என்ன இருக்கு? கணக்கா இருக்கு?"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலை சீருடையை எடுக்கவே இல்லை. சித்தி திட்டினாள், கெஞ்சினாள், தோசைக் கரண்டி மாதிரி ஏதோ கிடைக்காதா என்று சமையலறையைத் தேடினாள். தங்கை தலைவலி என்றாள். தொண்டை அடைத்த மறுநாள் நானும் தலைவலி என்றுதான் சொல்லியிருந்தேன். அந்த ஸ்டூலில் ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்க எத்தனை நாள் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அன்று அவள் ஒரு சட்டைக்கு ஐந்து காஜா போட்டாள். ஐந்தும் ஐந்து திசை பார்த்தன.

மத்தியானம் வேலையைப் பிரிப்பதற்காக நோட்டைத் திறந்தேன். கோச் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலால் வகுத்து வைத்திருந்தார். பல் டாக்டர் மகளின் எண்ணைச் சுற்றி மூன்று வட்டம், வெளியே ஓர் ஆச்சரியக்குறி. மேல்கால் இருபத்தொன்று, கீழ்க்கால் இருபது. அந்த இருபதில் பதினைந்துதான் கால். மீதி ஐந்து அவள் அம்மா என் காதில் சொன்னது. இரட்டையர்களுக்கு நாலு நாலு. ஏணிக்கு மூன்று. நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் எடுத்திருந்தது நீளமான கால்களை அல்ல, கெட்டியான கைகளை. ஊரிலேயே யார் அதிகச் சிக்கனம் என்று போட்டி வைத்திருந்தால் பரிசை இதே வரிசையில் கொடுத்திருக்கலாம்.

நோட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சித்தியிடம் காட்டினேன். அவள் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அப்புறம் சட்டென்று முகம் மாறியது.

"வெளில மூச்சு விடாத."

"சித்தி, இவ..."

"தெரியுதுடி. ஆனா நான் போய் என்னன்னு சொல்வேன்? 'டாக்டரம்மா அஞ்சு இஞ்ச் விடச் சொன்னாங்க'ன்னா? அவங்க உன் காதுல சொன்னதை நான் ஊருக்குச் சொன்னா, நாளைக்கு ஒருத்தி இந்தக் கடையில வந்து வாயைத் திறப்பாளா? ஒருத்தர் மடிப்பு இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது. அதுவும் டாக்டருங்க ரகசியம் மாதிரிதான்."

"அப்ப இவ?"

சித்தி மெஷினை வேகமாக மிதித்தாள். தையல் கோணலாகப் போனது.

மறுநாள் நானே பள்ளிக்கூட வாசல்வரை போனேன். கோச் மைதானத்தில் பாபினைத் தொங்கவிட்டு யாருடைய காலையோ பார்த்துக்கொண்டிருந்தார். 'சார்' என்ற ஒரே ஒரு சொல்தான், அதை வீட்டிலிருந்து வாசல்வரை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனேன். காவலாளி, "யாரைப் பாக்கணும்?" என்றார். "யாரையும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அதைச் சொன்னதற்கே பாதி வழி மூச்சு வாங்கியது.

தங்கை மூன்றாம் நாளும் பள்ளிக்குப் போகவில்லை. காஜா இப்போது நேராக வர ஆரம்பித்திருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான்காம் நாள் காலை பேன்ட்டுகளைப் பள்ளியில் ஒப்படைக்க வேண்டும். முந்தின நாள் மத்தியானம் சித்தி நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். நான் முப்பத்திரண்டு பேன்ட்டிலிருந்து நான்கை மட்டும் உருவி எடுத்தேன். தையல் பிரிக்கும் பிளேடு என் கையில் இருந்தது. எட்டு கால்கள். மடிப்பு முழுவதையும் பிரித்து இறக்கி, இஸ்திரி போட்டு, பேன்ட்டுகளைப் பழையபடி கட்டுக்குள் அடுக்கி வைத்தேன். கை சொன்னால் வேலை செய்யும். வாய் அப்படி இல்லை.

மறுநாள் மைதானத்தில் கூட்டம். தலைமை ஆசிரியை ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சில அம்மாக்கள் வந்திருந்தார்கள், பல் டாக்டரின் மனைவி முன்வரிசையில். துணிக்கட்டைத் தூக்கிப்போக ஆள் வேண்டும் என்று சொல்லித் தங்கையையும் சித்தி இழுத்து வந்திருந்தாள். சீருடை போடாமல் அவள் மரத்தடியில் ஒளிந்து நின்றாள்.

கோச் பேசினார். அமைப்பு என்றார், கோடு என்றார், கீல் என்றார். "இப்ப நம்ம நாலு மான்களும் புது உடையில வருவாங்க" என்று சொல்லிக் கையைத் தட்டினார்.

வகுப்பறைக்குள் போய் உடை மாற்றிக்கொண்ட நால்வரும் வெளியே வந்தார்கள். வந்தார்கள் என்று சொல்ல முடியாது. பல் டாக்டர் மகளின் பாதங்கள் எங்கே என்று தெரியவில்லை. பேன்ட் முனைகள் அவளுக்கு முன்னால் நடந்தன. இரட்டையரில் ஒருத்தி மற்றவளின் காலை மிதிக்க, இருவரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள். ஏணி மட்டும் இரண்டு கையாலும் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடப்பவள் மாதிரி வந்தாள். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன.

கோச்சின் முகம் சிவந்தது. "என்னங்க இது? கண்ணை மூடிட்டுத் தைச்சீங்களா? நாலு பேருக்கும் அளவு தப்பு!"

"என் கடையில அளவு தப்பாது சார்" என்று சித்தி வேகமாகப் போனாள். குனிந்து ஒரு கால் முனையைத் திருப்பிப் பார்த்தாள். பிரித்த தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அவள் மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று அவள் அடிக்கடி சொல்வாள். அன்று சொல்லவில்லை, பார்வையே சொன்னது.

"தப்பாதா? அப்ப இது என்ன?" கோச் துணியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "உங்க நோட்டுல இருக்கற அளவை நான் மூணு தடவை கணக்குப் போட்டிருக்கேன். அது கரெக்டு. தைச்சதுதான் தப்பு. இந்தக் கடைக்கு இனிமே..."

கடையின் பெயர் போகப்போகிறது. அதற்காகவோ, மரத்தடியில் நின்றவள் திரும்பி வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்ததற்காகவோ, எனக்குத் தெரியாது. என் வாய் திறந்துவிட்டது.

"சார், அது கால் இல்ல. துணி."

அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. பல் டாக்டர் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"என்ன?"

"நீங்க வகுத்தது காலை இல்ல சார். மடிப்பை. வளர்ற பிள்ளைக்குன்னு அம்மாங்க விடச் சொன்ன துணி. அதையும் சேத்துத்தான் நாங்க நோட்டுல எழுதுவோம். இவளுக்கு அஞ்சு இஞ்ச் துணி. இவங்களுக்கு நாலு நாலு. இந்தப் பொண்ணுக்கு மூணு." பாதியில் தொண்டை அடைக்கப் பார்த்தது, அதற்குள் முடித்துவிட்டேன். "தைச்சது சரிதான். நீங்க கணக்குப் போட்ட நோட்டுல இருக்கறபடியேதான் இருக்கு."

மைதானத்தில் எல்லோரும் ஒரே திசையில் திரும்பினார்கள்.

"எங்க வீட்ல அப்படியெல்லாம் பழக்கமே இல்ல" என்றாள் பல் டாக்டரின் மனைவி.

"அம்மா, நீதானே சொன்ன, குளிருக்கு நல்லதுன்னு" என்றாள் மகள்.

இரட்டையரின் அம்மா மட்டும் வெட்கப்படவில்லை. "ஆமா விடச் சொன்னேன். மூணு பொண்ணுங்க. நீங்க பெத்துப் பாருங்க, அப்பத் தெரியும்" என்று கோச்சைப் பார்த்துச் சொன்னாள். தலைமை ஆசிரியை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். இருமல் அப்படிக் குலுங்காது.

கோச் தோற்றுப்போகிறவர் இல்லை. டேப்பை வாங்கி, எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, துணியில்லாத காலை அவரே அளந்தார். மண்ணில் குச்சியால் வகுத்தார். என் தங்கையையும் இழுத்து வந்து அளந்தார். கடைசியில் நிமிர்ந்து, "பத்தொன்பதாவது" என்றார். "அதுவும் முட்டி இடிக்குது. நாலுக்குள்ள எப்படி வருவா?"

உண்மையான அளவு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். முப்பத்திரண்டிலிருந்து பத்தொன்பதுக்கு வந்ததுதான் மிச்சம். தங்கை என்னைப் பார்த்து, 'விடுக்கா' என்பதுபோல் கையை ஆட்டினாள்.

சித்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "சார், எனக்குப் படிப்பு இல்ல. சட்டை தைச்சா போட்டுப் பாப்போம். பக்கத்துலயே மணல் சும்மாத்தானே கிடக்குது? ஒரு தடவை போட்டுப் பாத்துட்டா என்ன?"

"அதெப்படிங்க? அதுல பழக்கம்தான் தெரியும், அமைப்பு..."

"எல்லாரும் தாண்டட்டும் சார்" என்றார் தலைமை ஆசிரியை, கைக்குட்டையை எடுக்காமலே. "ஆளுக்கு மூணு தடவை."

அப்படியே நடந்தது. பல் டாக்டர் மகள் மணலின் ஓரத்தில் கால் வைத்து, பூச்சி இல்லை என்று உறுதி செய்துகொண்டு திரும்பிப் போனாள். அவளுக்கு அதில் மிகுந்த சந்தோஷம். இரட்டையரில் ஒருத்தி மூன்று மீட்டர் எழுபது தாண்டினாள். மற்றவள் இரண்டு மீட்டர்கூட வரவில்லை. ஒரே அளவுக் கால்கள், ஒரே அச்சு. கோச் இருவரையும் பக்கத்தில் நிறுத்தி மறுபடி டேப் வைத்துப் பார்த்தார். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. அவர் டேப்பையே சந்தேகமாகப் பார்த்தார்.

ஏணி மூன்று எண்பத்தைந்து. அவளுடைய காலைப் பற்றி அவர் சொன்னது சரிதான் போல. அவள் தலைசுற்றுகிறது என்று உட்கார்ந்துகொண்டாள். சலவைக் கடைக்காரர் மகள் வந்தாள். கோச்சைப் போலவே அவளுக்கும் வளைந்த கால்கள். யாரும் எதிர்பார்க்காமல் நாலு மீட்டரைத் தொட்டாள்.

தங்கை ஓடிவந்தாள். மணலுக்கு முன்னால் பதித்த மிதிபலகையை மிதிக்காமல் அதைத் தாண்டிப் போய் அப்புறம் குதித்தாள். வீட்டில் துணிக்கட்டுக்கு முன்னால் பலகை ஏது? "செல்லாது!" என்றார் கோச். இரண்டாவது தடவையும் கட்டைவிரல் பலகைக்கு வெளியே.

"பலகை கோணலா இருக்கு சார்" என்றாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் சித்தி, வாய்க்குள்ளேயே. அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. விரல் பதிந்தது.

மூன்றாவது தடவை அவள் பயந்துவிட்டாள். பலகைக்கு ஒன்றரை அடி முன்னாலேயே எழும்பினாள். சுற்றியிருந்தவர்கள் 'ஐயோ' என்றார்கள். எழும்பினவள் சட்டென்று இறங்கவில்லை, அந்த முட்டி இடிக்கும் கால்கள் காற்றில் இரண்டு தடவை மிதித்தன, மணலில் முகம் புதைய விழுந்தாள். கோச் பலகையிலிருந்து அளந்தார். வீணாய்ப்போன ஒன்றரை அடியை நீக்கிவிட்டு, மூன்று மீட்டர் அறுபத்தொன்று. ஐந்தாவதாக இருந்த பெண் மூன்று ஐம்பத்தெட்டு.

நாலாவது. கோச் டேப்பைப் பிடித்தபடி அவள் எழும்பிய இடத்துக்கும் பலகைக்கும் நடுவே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த ஒன்றரை அடியைத் தனியாக அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

தலைமை ஆசிரியை காரணம் கேட்டபோது அவர் பதில் தயாராக வைத்திருந்தார். "முதல் பொண்ணுக்கு வில் கால் மேடம். வளைஞ்ச கால்ல வில்லு மாதிரி ஒரு விசை உண்டு. எனக்குத் தெரிஞ்சதுதான்." தன் கால்களைக் கொஞ்சம் பெருமையாகப் பார்த்துக்கொண்டார். "நாலாவது பொண்ணுக்கு அந்த வில்லே உள்பக்கமா இருக்கு."

வீட்டுக்கு வந்து சித்தி கடையைத் திறந்ததும், "பிரிச்ச நாலையும் நீயே தைக்கணும்" என்றாள். சற்றுக் கழித்து, "டாக்டரம்மா வரும்போது நீயே பேசு. இப்பத்தான் வாய் வந்துடுச்சே" என்றாள். அன்று மாலையே டாக்டரம்மா வந்தாள். பேசினேன். ஏழெட்டு சொல் இருக்கும். இரண்டு இஞ்ச்சுக்குச் சம்மதித்தாள்.

திங்கட்கிழமை தங்கை விடிந்ததும் சீருடை போட்டுக்கொண்டு போனாள். மாலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"எத்தனை மீட்டர்டி தாண்டின?" என்றாள் சித்தி.

"தாண்டவே விடல. ஒரு மணி நேரம் நிக்க வச்சாரு."

"நிக்கவா?"

"முட்டிக்கு நடுவுல ஒரு டென்னிஸ் பந்தை வச்சு, முட்டி ஒட்டாம, பந்து விழாம நிக்கணுமாம். கோடு சரியாகிற வரைக்கும் மணல் பக்கமே போகக்கூடாதாம். ஒரு வாரம் இப்படித்தானாம். சலவைக்காரங்க பொண்ணுக்குப் பந்து நிக்கவே மாட்டேங்குது, விழுந்து விழுந்து உருண்டு ஓடுது. அவளை மட்டும் 'நீ அப்படியே இரும்மா'ன்னுட்டாரு!"

"அப்ப நாளைக்கு?" என்று நான் கேட்டேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நாளைக்கு என்ன? நாளைக்கும் போய் நிக்கணும். நான் போகலன்னா அந்த மூணு அம்பத்தெட்டுக்காரியை என் இடத்துல நிக்க வச்சுடுவாருக்கா" என்றாள்.